கயிறு போன வழி

பழைய பதினோராம் வகுப்பு வரை படித்த என் வயதுக்காரர்களே, ஜியோமிதியில் கடைசியாக வந்து நின்று நம்மை மிரட்டிய அந்தப் பாடம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நியமப்பாதை. பேரைக் கேட்டால் ஏதோ பெரிய மனிதர்கள் மட்டும் நடந்து போகிற ரோடு மாதிரி இருக்கும். ‘கொடுக்கப்பட்ட நிபந்தனைக்கு உட்பட்டு இயங்கும் ஒரு புள்ளியின் பாதை நியமப்பாதை எனப்படும்’ என்று வகுப்பு மொத்தமும் ஒரே ராகத்தில் ஒப்பிப்போம். எனக்கும் அது தலைகீழ்ப் பாடம். அர்த்தம் மட்டும் பிடிபடவில்லை. புள்ளி எப்படி நடக்கும்? கரும்பலகையில் சார் குத்தி வைத்த புள்ளி, மணி அடித்து அழிக்கிற வரைக்கும் வைத்த இடத்திலேயேதான் இருந்தது. அதற்கு நிபந்தனை போடுகிறவர் யார்? அது எதற்குக் கட்டுப்பட வேண்டும்? கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. பத்தாம் வகுப்பில் பெண்கள் என்று பார்த்தால் நாங்கள் ஒரு கைப்பிடிதான். அதில் காலனியிலிருந்து போனவள் நான் ஒருத்திதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுவாயலில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி மேற்கே உள்ளே போனால் எங்கள் ஊர். ‘எங்கள் ஊர்’ என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது ஊர் வேறு, காலனி வேறு. இரண்டுக்கும் நடுவில் ஊர்க்காரர்களின் நெல் வயல். ஊர் முனையில் ஒரு விளக்குக் கம்பம். காலனி முனையில் எங்கள் ஓலை வேய்ந்த மாதா கோயிலின் மணிக் கம்பம். அங்கிருந்து பார்த்தால் இது தெரியும், இங்கிருந்து பார்த்தால் அது தெரியும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப் போகின்றன என்று மேட்டு நிலங்களையெல்லாம் சமன் செய்துகொண்டிருந்தார்கள். அதுவரை ஊர்க்காரர்களின் வயலில் வேலை செய்த என் நைனா அங்கே கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். சாயங்காலம் லாரியிலிருந்து புதுவாயலில் இறங்கி நடந்து வருவார். புருவத்திலும் காது மயிரிலும் சிமெண்டுத் தூள் ஒட்டியிருக்கும். சிமெண்டு தின்ற விரல் நுனிகளுக்கு அம்மா விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். அந்த நேரத்தில் நான் சத்தமாகப் பாடம் ஒப்பிக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நான் திக்கினால் கண்டுபிடித்துவிடுவாள், ‘முதல்லேர்ந்து சொல்லு’ என்பாள். நியமப்பாதையையும் அவள் அப்படித்தான் கேட்டாள். இன்றைக்கும் புதுக் கட்டடம் எதையாவது கடந்து போகும்போது ஈரச் சிமெண்டு வாசனைக்குப் பின்னாலேயே என் மூக்கு விளக்கெண்ணெயைத் தேடும்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. காலனிக் கிணற்றில் அடிமண் தெரிந்தது. உடைந்த வாளியின் கைப்பிடியும், யாரோ எப்போதோ தவறவிட்ட ஒரு பித்தளைச் சொம்பும் காய்ந்த சேற்றில் பாதி புதைந்து கிடந்தன. தண்ணீருக்கு ஊர்க் கிணறுதான் கதி. அங்கே நாங்கள் இறைக்கக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். ஊர்ப் பெண்கள் யாராவது மனசு வைத்து மேலிருந்து ஊற்றினால் உண்டு. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் அம்மாவோடு நானும் போய் நிற்பேன். வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்காரும் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் மகளும் சில நாள் அங்கே வருவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளும் என்னைப் பார்க்காத மாதிரியே போய்விடுவாள். அது அவள் எனக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்து, மனசுக்குள் நன்றி கூடச் சொல்லியிருக்கிறேன். அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது.

யூனியன் ஆபீசில் ஊருக்கும் காலனிக்கும் சேர்த்து ஒரு போரிங் பம்பு அனுமதித்திருந்தார்கள். எங்கே போடுவது என்பதில்தான் இழுபறி. நைனாவும் காலனி ஆட்கள் சிலரும் வேலைக்குப் போகாமல் யூனியன் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். பிரசிடெண்ட் வீட்டு வாசலிலும் நின்றார்கள். கடைசியில் பிரசிடெண்ட் ஒரு காரியம் செய்தார். ஓவர்சியரை வரவழைத்து, நைனாவையும் கூட்டிக்கொண்டு, ஊரிலிருந்து ஒரு முறையும் காலனியிலிருந்து ஒரு முறையும் தானே நடந்து பார்த்தார். வயலோரப் புறம்போக்கில் ஓர் இடத்தைக் காட்டி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நடை ஒன்றுதான் என்றார். அங்கே ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஊரிலும் சரி, காலனியிலும் சரி, யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு அவள் கையில் ஒட்டிக்கொண்டது. அதைப் புடவையில் துடைக்காமலே வீட்டுக்கு வந்தாள்.

கணக்கு சார் அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். தெற்கே வெகு தூரத்திலிருந்து வந்தவர், கல்யாணம் ஆகாதவர். ஊருக்குள் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அடிக்க மாட்டார். கேள்வி கேளுங்கள், கேளுங்கள் என்று கெஞ்சுவார். நியமப்பாதை யாருக்கும் புரியவில்லை என்பது அவருக்கு மனக்கஷ்டமாகவே ஆகிவிட்டது. போரிங் பம்புப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊர் முனைக்கு வாருங்கள், வற்றிய கிணற்றுக் கயிறு யார் வீட்டில் இருந்தாலும் எடுத்து வாருங்கள் என்றார்.

கயிறுகள் வந்தன. ஊர்க் கயிறு, காலனிக் கயிறு, பம்பு செட்டுக் கொட்டகையில் கிடந்த கயிறு. சார் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டார். இறுகாத முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார். ஊர்ப் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சாருக்கு அது தெரியவில்லை. சேர்ந்த கயிற்றை மடித்துச் சரிபாதியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். ஒரு பாதியை விளக்குக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைப் பிரசிடெண்ட் மகள் கையில் கொடுத்தார். மறு பாதியை எங்கள் மணிக் கம்பத்தில் சுற்றி ஒரு பையனிடம் கொடுத்தார். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலின் மேல் கயிறு நேராக நீண்டது. நடுவில் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

“நீ வாம்மா,” என்று என்னைக் கூப்பிட்டார். “இந்தத் துணியைப் பிடிச்சுக்கோ. நீதான் புள்ளி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“உனக்கு ஒரே நிபந்தனைதான். ரெண்டு பக்கக் கயிறும் தொய்யக் கூடாது. மத்தபடி நீ எங்க வேணா போகலாம்.”

அவர் விசில் ஊதுவார். ஊதினால் இரண்டு கம்பத்திலும் நிற்பவர்கள், விரித்த இரண்டு கை நீளத்துக்குக் கயிற்றைச் சமமாக விட வேண்டும். நான் இழுத்துக்கொண்டு வடக்கே நகர வேண்டும். இரண்டு பக்கமும் விறைப்பாக நின்ற இடத்தில் ஒரு பனைமட்டைத் துண்டை நட வேண்டும். முதல் விசிலுக்கு நான் பெரிதாக நகர முடியாது என்றுதான் நினைத்தேன். விட்டது கொஞ்சம்தானே? ஆனால் கயிறு என்னை என் பாட்டுக்குப் போக விட்டது. வயலில் வெகு தூரம் தள்ளிப் போய்த்தான் விறைத்தது. அடுத்த விசில். அடுத்த மட்டை. தாள் கட்டைகள் காலில் குத்தின, தேங்காய் நார் உள்ளங்கையில் ஏறியது. கொஞ்சம் ஊர்ப் பக்கம் சாய்ந்து பார்த்தேன். உடனே ஊர்ப் பக்கக் கயிறு தொய்ந்தது, காலனிக் கயிறு என்னைப் பிடித்து இழுத்தது. காலனிப் பக்கம் சாய்ந்தேன். ஊர்க் கயிறு விடவில்லை. போகக்கூடிய வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது நான் நட்ட மட்டைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நின்றன. யாரும் கோடு கிழிக்கவில்லை. நான் நடந்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த இடத்தில், அந்த வெயிலில், எனக்குப் புரிந்தது. புள்ளி நடக்கத்தான் நடக்கிறது. நிபந்தனைதான் அதை இழுத்துப் பிடித்துப் பாதையாக்குகிறது. நான் நின்ற ஒவ்வொரு இடத்திலிருந்தும் விளக்குக் கம்பமும் மணிக் கம்பமும் ஒரே தூரம். வாழ்க்கையில் எத்தனையோ சந்தோஷம் பார்த்துவிட்டேன், பிள்ளைகள் பிறந்த சந்தோஷம் உட்பட. அந்தச் சந்தோஷத்துக்கு இணை வைக்க இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அதற்கடுத்து நடந்ததைச் சொல்வதற்கு இவ்வளவு கூச்சமாக இருக்கிறது.

வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வரப்பின் மேல் நின்றார்கள். எங்கள் ஆட்கள் மணிக் கம்பத்தை ஒட்டி நின்றார்கள். பூசை முடிந்து வெள்ளை வேட்டியோடு நைனாவும் நின்றார். பிரசிடெண்ட் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வந்தவருக்குச் சார் உற்சாகமாக விளக்கினார். இந்த மட்டைகள் நிற்கும் கோட்டில் எங்கே நின்றாலும் இரண்டு பக்கமும் சம தூரம் என்றார். பிரசிடெண்ட் நல்ல மரியாதையோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சார் அதோடு விட்டிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார்.

“அந்தச் சுண்ணாம்புக் கல் உன் பாதையில இருக்கா?”

கல் மட்டைக் கோட்டுக்கு இந்தப் பக்கமாக, தனியாக நின்றது. “இல்ல சார்.”

“அப்ப எந்தக் கம்பத்துக்குக் கிட்ட?”

பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்வி. ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. “மணிக் கம்பத்துக்கு சார். கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க நின்னாலும் எங்களுக்குத்தான் சார் கிட்டக்க. அந்தக் கல்லு காலனிக்குத்தான் கிட்ட.”

கணீரென்று சொன்னேன். சார் கை தட்டினார். வகுப்பும் தட்டியது. வரப்பின் மேல் நின்றவர்களிடமிருந்து சத்தமே வரவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் பிரசிடெண்டிடம் நிதானமாகக் கேட்டார். “நட்ட நடுவுலன்னு சொன்னியேப்பா?”

பிரசிடெண்ட் கல்லைப் பார்த்தார், மட்டை வரிசையைப் பார்த்தார். கயிறு அவர் கண்ணெதிரே நீண்டு கிடந்தது. “சாரு படிச்சவரு. கவுறு போட்டு அளந்துட்டாரு. நான் இன்னா சொல்ல?” என்றார். பிறகு நைனா பக்கம் திரும்பினார். “கேட்டியாடா, ஒம் பொண்ணு சொல்றத?”

நைனா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பூசைக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைத் துண்டு. “கொழந்தைங்க. படிச்சதச் சொல்லுது சாமி,” என்றார். என் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி இன்னும் என் கையில்தான் இருந்தது.

அடுத்த வாரம் கல்லைப் பிடுங்கிவிட்டார்கள். சரி, மட்டைக் கோட்டின் மேலாவது நட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஏமாற்றப் பார்த்தார்கள் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. காலனிக்காரனோடு சேர்ந்துகொண்டு ஊர் கண்ணில் மண்ணைத் தூவினார் என்று பிரசிடெண்டின் பெயரும் அடிபட்டது. அவர் அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. பம்பு ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் என்று முடிவாயிற்று. சார் மட்டும் பிரசிடெண்ட் வீட்டுக்குப் போய், கோட்டின் மேல் போட்டால் இரண்டு பேருக்கும் நியாயம் என்று வாதாடியிருக்கிறார். கோட்டின் மேல் இருப்பதெல்லாம் பட்டா நிலம், கோயில் நிலம்தான் பொது நிலம் என்று அவருக்குக் காபி கொடுத்து விளக்கி அனுப்பினார்கள். சார் அதை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், பொது நிலம் என்ற வார்த்தைக்கு அவருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

காலனியில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் போனால் பெண்கள் பேச்சை மாற்றுவார்கள். ஒரு சித்தி மட்டும் ஊர்க் கிணற்றோரம் காத்து நின்றபோது, என் காதில் படும்படி அம்மாவிடம் சொன்னாள். “படிக்க வெச்சியே, இப்ப நல்லா நில்லு.” வீட்டில் அம்மா எப்போதும்போல்தான் இருந்தாள். சோறு போட்டாள், தலை பின்னிவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு, நைனாவின் விரலுக்கு எண்ணெய் தடவும்போது என்னைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. நானாக ஒரு நாள் ஆரம்பித்தேன். மெதுவாப் படி, நைனாவுக்கு அலுப்பா இருக்கும் என்றாள்.

பம்பு திறப்பு விழாவுக்கு யூனியனிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்தார். மாவிலைத் தோரணம், பம்புக்கு ஒரு கதம்ப மாலை. அன்று யார் முதலில் பம்பு அடிப்பது என்பதற்குச் சார் அதிகாரியின் காதில் என்னவோ சொன்னார். அளந்து காட்டிய பெண், காலனிப் பெண், அவள் கையால் தொடங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் சொல்லியிருப்பார். அதிகாரி முகம் மலர்ந்து பிரசிடெண்டைப் பார்த்தார். பிரசிடெண்ட் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. “அதுக்கின்னா, வரட்டும்,” என்றார். கோபத்தில் சொன்னாரா, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, அதிகாரி முன்னால் வேறு வழியில்லாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் அடித்தேன். இரும்புப் பிடி குளிர்ந்திருந்தது. முதலில் வெறும் காற்று முனகியது. பிறகு செம்மண் கலங்கல். பிறகு தெளிந்த தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. முதல் குடம் பிரசிடெண்டின் மனைவியுடையது. அடுத்தடுத்து ஊர்ப் பெண்கள் சிலர் குடம் வைத்தார்கள். அதிகாரி கை தட்டினார். சார் கண் கலங்கக் கை தட்டினார். ஓரத்தில் காலனிப் பெண்களோடு அம்மா வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜீப் கிளம்பிப் போயிற்று. அதன் பிறகு யாரும் குடம் வைக்கவில்லை. நான் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பிடியைப் பிடித்தபடி நின்றேன். பிரசிடெண்டின் மனைவி தன் குடத்தைத் தூக்கி வந்தார். போ என்று கூட என்னிடம் சொல்லவில்லை. நானே விலகினேன். அவர் அந்த முதல் குடத்துத் தண்ணீரைப் பிடியின் மேல் ஊற்றி, கையால் தேய்த்துக் கழுவினார். வாசலைக் கழுவுகிற மாதிரி, எந்த வன்மமும் இல்லாமல், சுத்தமாகக் கழுவினார். பிறகு குடத்தைத் திரும்ப வைத்தார். வேறொரு பெண் வந்து அடிக்க ஆரம்பித்தாள்.

நான் சாரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்த வயதில் எனக்கு அது தெரியவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. கீழே குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வா. அப்பால வந்து புடிச்சிக்கலாம்.”

அதற்குப் பிறகு சார் வகுப்பில் என்னைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். பெஞ்சு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டே வருவார். என்னிடம் வந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்தவளுக்குப் போய்விடுவார். என்னை எழுப்பி நிறுத்தினால் எனக்கு அந்த நாள் ஞாபகம் வரும், காயம் படும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இப்போது அது புரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன், சார் என்னை வெறுத்துவிட்டார் என்பதுதான்.

தப்பு எங்கே என்று வாரக்கணக்கில் தேடினேன். ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு புள்ளி குத்தி மையக்குத்துக்கோடு வரைவேன். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது. கடைசியில் அதைக் கண்டுபிடித்தது நோட்டில் இல்லை. ஊர்க்காரர்கள் பிடித்து முடித்த பிறகு எங்களுக்குப் பம்பு கிடைக்கும். நிறைந்த குடத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். வயலைக் குறுக்கே தாண்டினால் எதிரிலேயே மணிக் கம்பம். ஆனால் வேலைக்கு இறங்கினால் ஒழிய வரப்பில் காலனி ஆள் நடப்பது கிடையாது. விதைத்திருந்தாலும் கிடையாது, காய்ந்து கிடந்தாலும் கிடையாது. கால்வாய்க் கரையைச் சுற்றிக்கொண்டுதான் போவோம். பிறந்ததிலிருந்து அப்படியே போய்ப் பழகியதால், அது ஒரு சுற்று வழி என்றே நான் நினைத்ததில்லை. இடுப்புக் குடம் கனத்தபோதுதான் நின்றேன். கல் இருந்த இடத்தில் பிடுங்கிய குழி இன்னும் தெரிந்தது. ஊரிலிருந்து அங்கே வண்டிப் பாதை நேராக வரும். எங்களிடமிருந்து கரை வளைந்து வளைந்து போகும். பிரசிடெண்டும் ஓவர்சியரும் நைனாவும் அன்றைக்கு நடந்து பார்த்தது அந்தக் கரையில்தான். நடப்பவர்களுக்கு அந்தக் கல் நடுவில்தான் இருந்தது. சார் கயிற்றை வயலின் மேல் நேராகப் போட்டுவிட்டார். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தவிர நான் அந்த வயலுக்குள் கால் வைத்ததே இல்லை.

மறுநாள் வகுப்பில் கையைத் தூக்கினேன். ஒரு கேள்விதான் கேட்க வேண்டியிருந்தது: தூரம் என்றால் எந்த வழியாக சார்? தூக்கிய கையைச் சார் பார்த்தார். “உக்காரும்மா,” என்றார் மெதுவாக. நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

நைனாவிடம் சொல்லக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, நக இடுக்கில் இறுகிப் போன சிமெண்டை ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவராகவே கேட்டார்.

“அன்னிக்கு போட்ட கணக்கு. அது மெய்தானா?”

“கணக்கு மெய்தான் நைனா.”

தலையை ஆட்டினார். “அப்ப நான்தான் ஆசப்பட்டுட்டேன். நமக்குக் கிட்டக்க இருக்கறத நடுவுலன்னு நெனச்சிகினு, அந்தாளையும் நம்ப வெச்சிட்டேன். பாவம், அவருக்கும் என்னாலதான் கெட்ட பேரு.”

இத்தனை நாளும் அவர் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தார். என்னால் தண்ணீர் போயிற்று என்று நான் குறுகிக் கிடந்த அதே வீட்டில், தன் பேராசை ஊரறிய அளந்து காட்டப்பட்டுவிட்டது என்று அவர் குறுகிக் கிடந்திருக்கிறார். நான் அவசரமாகச் சொன்னேன். கயிறு வயல் மேல் போனதையும், நாம் கரையைச் சுற்றிப் போவதையும், கரை வழியாகப் பார்த்தால் கல் நின்றது நட்ட நடுவில் என்பதையும் சொன்னேன்.

“நீ ஒண்ணும் ஆசப்படல நைனா. பிரசிடெண்டும் பொய் சொல்லல. கவுறுதான் நாம போற வழியா போவல.”

ஈர்க்குச்சி நின்றது. கண்ணை இடுக்கிக்கொண்டு கரைப் பக்கம் பார்த்தார். மனசுக்குள் நடந்து பார்க்கிறார் என்று தெரிந்தது. போய்ச் சேர்ந்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து பிரசிடெண்ட் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று கூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்தத் தெளிச்சல் மெல்ல மெல்ல அடங்கியது.

“யாருகிட்டயும் சொல்லாத,” என்றார்.

“சார்கிட்டயுமா நைனா?”

“சார்கிட்டயும்தான். வரப்புல ஏன் போவக்கூடாதுன்னு அவரு கேப்பாரு. ஊருக்குள்ள குடியிருக்கற மனுசன். பேஜாராப் பூடும்.”

நான் சொல்லவில்லை. அந்த வருஷப் பரீட்சையில் அந்தப் பாடத்திலிருந்து கேள்வி வந்தது. இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து சம தூரத்தில் இயங்கும் புள்ளியின் நியமப்பாதையை வரைக. வரைந்தேன். முழு மார்க் கிடைத்தது. விடைத்தாளை என் முன்னால் வைத்துவிட்டு, சார் என்னைப் பார்க்காமல் அடுத்த பெஞ்சுக்குப் போனார்.